வேம்பு என்று எழுதிய பாட்டில்

நான் வேலை பார்த்த அறைக்கு இரண்டு ஜன்னல்கள். இரண்டிலும் கறுப்புக் காகிதம் ஒட்டியிருக்கும். ஒட்டியவள் நான்தான். வேப்பங்கொட்டைக்குள் இருக்கும் பருப்பில் புழுவை அடக்குகிற சத்து ஒன்று இருக்கிறது. அசாடிராக்டின் என்று பெயர். வெயில் பட்டால் அது வீணாகிவிடும். அதனால் அந்த அறைக்குள் பகல் வெளிச்சமே வரக் கூடாது. காலை ஒன்பதரைக்கு டியூப்லைட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால், மாலை ஐந்தரைக்கு வெளியே வரும்போதுதான் அன்றைக்கு வெயில் அடித்ததா மழை பெய்ததா என்பதே எனக்குத் தெரியும்.

தவளக்குப்பம் ஜங்ஷனிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு பழைய நெல் குடோனில் அந்தக் கம்பெனி நடந்தது. வேப்பங்கொட்டையை வாங்கி, உடைத்து, சாறு எடுத்து, பாட்டிலில் அடைத்துப் பூச்சிமருந்தாக விற்பார்கள். நடத்தியவர் என் நாத்தனாரின் கணவர். அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீடு சாரம் என்ற பகுதியில். மாமியார், கணவர், நான் என்று மூன்று பேர். கணவர் லாஸ்பேட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க்.

கல்யாணமாகி நான்கு மாதம் இருக்கும். அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து, கூடத்தில் உட்கார்ந்து காபியைக் குடித்துக்கொண்டே மாமியாரிடம் சொன்னார். "எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிச்சுட்டு தங்கச்சி சும்மா இருக்குது. நம்ம கம்பெனிக்கே வரட்டும் அத்தை. வெளிய எங்கியும் போய்க் கஷ்டப்பட வேணாம்."

மாமியாருக்கு அது பெரிய கௌரவமாக இருந்தது. எனக்கும்தான். லைசென்ஸுக்குக் கெமிஸ்ட்ரி படித்த ஒருவரின் பெயரும் சான்றிதழும் வேண்டியிருந்தது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அசல் சான்றிதழ்களைக் கேட்டார். கொடுத்தேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து எம்.எஸ்ஸி. பட்டம் வரை எல்லாமே அவர் அறையிலிருந்த இரும்பு பீரோவுக்குள் போயின.

முதல் இரண்டு வருஷம் நான் அந்த வேலையை ஆசையோடு செய்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. வேம்பு பூச்சியை உடனே அடித்துப் போடாது. இலையில் தெளித்தால் புழு ஒரு வாய் கடித்துவிட்டு ஒதுங்கிவிடும். பசி இருந்தாலும் தின்னாது. வளர்கிற பருவத்தில் தோலை உரிக்க முடியாமல் தவிக்கும். பெரிசாகாது, முட்டையிடும் வயசுக்கு வராது. ஒரு வாரத்தில் தோட்டம் அமைதியாகிவிடும். ஒரு மரம் தன்னைக் காத்துக்கொள்ளத் தனக்குள் சேர்த்து வைத்திருக்கும் சரக்கு இது என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். விவசாயிகள் கூட்டம் போட்டால் நானே போய் இதை விளக்குவேன்.

அப்படி ஒரு கூட்டத்தில்தான் அந்த அக்காவைப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். மேற்கே ஒரு கிராமத்தில் அரை காணியில் கத்தரியும் வெண்டையும் போட்டிருந்தார். பறித்த காயைத் தவளக்குப்பம் மார்க்கெட்டில் அவரே கூடையில் வைத்து விற்பார். கூட்டத்தில் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருக்க அவர் மட்டும் எழுந்து, "கைல பட்டா இன்னா ஆவும் பாப்பா? எங்கூட்டுக்காரருக்குப் போன தபா வேற மருந்து பட்டுக் கையெல்லாம் வெந்து போச்சு" என்று கேட்டார்.

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். "இது வேப்பங்கொட்டைக்கா. கையால கலக்கினாலும் ஒண்ணும் ஆவாது."

அன்றைக்கு அது உண்மைதான்.

மூன்றாம் வருஷம் மழை முந்திக்கொண்டது. கொட்டை பொறுக்கி உலர்த்துகிற சமயத்தில் விடாமல் பெய்தது. வந்த மூட்டைகளைப் பிரித்தால் பூஞ்சை வாடை. பருப்பு கறுத்திருந்தது. அதிலிருந்து எடுத்த சாற்றில் பாதிச் சத்துகூட இல்லை. இந்த மூட்டைகளைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று சொன்னேன். அண்ணன் கேட்டுக்கொண்டார், அனுப்பவில்லை. கார்த்திகை மாதம் விவசாயிகள் காலி பாட்டிலோடு வந்து சண்டை போட்டார்கள். புழு அப்படியே இருக்கிறது, இது வெறும் தண்ணி என்று திட்டினார்கள். மார்கழியில் சண்டை திடீரென்று நின்றுபோனது. தை பிறந்ததும் அந்த அக்கா குடோன் வாசலில் இருந்த எங்கள் கடை முன்னால் வந்து நின்று, முகமெல்லாம் சந்தோஷமாகச் சொன்னார்.

"சாயங்காலம் அடிச்சேன் பாப்பா. காலைல போய்ப் பாக்குறேன், அத்தினி புழுவும் செத்துக் கீழ கெடக்குது. இப்பத்தான் மருந்து மருந்தா இருக்குது."

வேம்பு ஒரே ராத்திரியில் அப்படிக் கொல்லாது.

குடோனுக்குப் பின்னால் ஆமணக்குச் செடிகள் தானாக முளைத்துக் கிடந்தன. அவற்றில் இலையைத் தின்கிற புரோடீனியா புழு எப்போதும் இருக்கும். மறுநாள் காலையில் முப்பது புழுக்களைப் பிடித்து மூன்று பிளாஸ்டிக் டப்பாக்களில் போட்டேன். ஒரு டப்பாவில் தண்ணீரில் நனைத்த ஆமணக்கிலை. இன்னொன்றில் பழைய நல்ல கொட்டையிலிருந்து நானே எடுத்து வைத்திருந்த சாற்றில் நனைத்த இலை. மூன்றாவதில் கடைக்குப் போகிற பாட்டிலிலிருந்து ஊற்றி நனைத்தது. மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு மேஜைக்கடியில் வைத்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மூன்றாவது டப்பாவில் இருந்தவை முறுக்கிக்கொண்டு துடித்து அடங்கிவிட்டன. தண்ணீர் டப்பாவில் புழுக்கள் இலையைத் தின்று நரம்பை மட்டும் மிச்சம் வைத்திருந்தன. என் சாற்றில் நனைத்த இலையை மட்டும் ஒரு புழுவும் தொடவில்லை. புழுக்கள் டப்பாவின் ஓரத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. நாலாம் நாள் பார்த்தபோது சில, பாதித் தோல் கழன்று மீதித் தோலுக்குள் சிக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தன. உயிர் இருந்தது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. அதை ரொம்ப நேரம் என்னால் பார்க்க முடியவில்லை. டப்பாவை மூடிவிட்டேன்.

பிறகு குடோனின் கடைசிச் சுவரோரம் போய்ப் பார்த்தேன். கோணி போட்டு மூடிய நீலக் கேன்கள் நான்கு. மேலே ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்திருந்தார்கள். ஒரு கேனில் மட்டும் அடிப்பகுதி கிழியாமல் இருந்தது. அந்த ரசாயனத்தின் பெயரை அதில் படித்தேன். நரம்பைத் தாக்குகிற மருந்து.

அண்ணனிடம் அன்றே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"தங்கச்சி, நீ படிச்சவ. ஆனா விவசாயிய உனக்குத் தெரியாது. காலைல போய்ப் பாத்தா புழு செத்துக் கெடக்கணும் அவனுக்கு. உன் வேம்பு பட்டினி போட்டுக் கொல்றதுக்குள்ள அவன் வேற கடைக்குப் போயிடுவான். நான் கலக்குறது ரொம்பக் கொஞ்சம். இந்த சீசனு மட்டும்தான். அடுத்த வருஷம் நல்ல கொட்டை வந்துச்சுன்னா நிறுத்திடுறேன்."

"பாட்டில்ல அத எழுதலியே அண்ணே. தரம் சரின்னு ரிப்போர்ட்ல நான்ல கையெழுத்துப் போடறேன்."

"நம்ம குடும்பக் கம்பெனி. நீ போடாம வேற யாரு போடுவா?"

"என் சர்ட்டிபிகேட்ட குடுங்கண்ணே. நான் வேற வேலை பாத்துக்கறேன்."

"லைசென்ஸ் பைல்ல இருக்குதும்மா. இப்ப எடுக்க முடியாது. எடுத்து எங்க போவப்போற?" என்று சிரித்தபடி எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் கழற்றிய சட்டையை ஆணியில் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். "எங்க அக்கா அங்க வாழுது. நாம ஏதாவது பண்ணா அது தலைலதான் விடியும். கொஞ்சம் பொறு" என்றார். மாமியாரிடம் நான் சொல்லவில்லை. ஆனால் எப்படியோ தெரிந்திருந்தது. மறுநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "எம் பொண்ணு கண்ணக் கசக்கிக்கினு இந்த வாசல்ல வந்து நின்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்" என்றார்.

வேளாண் துறைக்கு ஒரு கடிதம் எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் இருக்கும் ஒரே கையெழுத்து என்னுடையது. அண்ணன் பெயர் எங்கேயும் இல்லை. கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தேன். அது அங்கேயே கிடந்து ஓரமெல்லாம் நைந்துபோனது.

கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். இதை எப்படி எழுதினாலும் அழகாக்க முடியாது. காலையில் ஸ்கூட்டியை எடுத்து, அரியாங்குப்பம் பாலத்தில் நெரிசலில் நின்று, குடோனுக்குப் போய், கறுப்புக் காகிதம் ஒட்டிய அறைக்குள் நுழைந்து, "வேம்புச் சாறு, தரம் சரி" என்ற தாளில் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் அதே பாலம் வழியாகத் திரும்பினேன். குளித்தாலும் கூந்தலில் வேப்பெண்ணெய் வாடை போகாது. பாலத்தில் நிற்கும்போது சில நாள் இப்படியே கடலூர் பக்கம் திருப்பிக்கொண்டு போய்விடலாமா என்று தோன்றும். எங்கே போவது? சான்றிதழ் இல்லாமல் ஒரு பள்ளிக்கூடத்தில்கூட நுழைய முடியாது. அம்மா வீட்டுக்குப் போனால் ஏன் வந்தாய் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் நாத்தனாரின் குடும்பம் தெருவுக்கு வரும்.

அந்த அக்கா மாதம் இரண்டு முறை வருவார். அவரைப் பார்த்தால் நான் உள்ளே போய்விடுவேன். ஒரே ஒரு தடவை மட்டும், "அக்கா, தெளிக்கும்போது மூக்கக் கட்டிக்குங்க, கையில உறை போட்டுக்குங்க" என்று சொன்னேன்.

"நீதான பாப்பா ஒண்ணும் ஆவாதுன்ன?" என்று கேட்டார்.

"இருந்தாலும் கட்டிக்குங்கக்கா."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆடி மாதம் ஒரு நாள் பதினொரு மணி இருக்கும். பாட்டிலில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு வருகிற போன் என் அறையில்தான் அடிக்கும். எடுத்தேன். ஓர் ஆண் குரல். மூச்சு வாங்கியது. அந்த அக்காவின் கணவர். நேற்று மத்தியானம் அக்கா வெயிலில் வெண்டைக்குத் தெளித்துவிட்டு வந்தாராம். தோளில் மாட்டிய மருந்து டாங்க் ஒழுகி முதுகெல்லாம் நனைந்திருந்ததாம். சாயங்காலம் வாந்தி, வாயில் எச்சில் வழிந்தது, கண் சரியாகத் தெரியவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

"டாக்டரு விஷம்னு சொல்றாரு. வேப்ப மருந்துதான் அடிச்சான்னு பாட்டில காட்டினேன். நம்ப மாட்றாங்க. இன்னா குடிச்சா, வீட்ல இன்னா சண்டன்னு கேக்குறாங்க. போலீஸ்காரரு வேற வந்து நிக்கிறாரு. உங்க மருந்துல விஷம் எதுனா இருக்குதாம்மா? நீ ஒரு வார்த்தை சொல்லு, நான் அவங்ககிட்ட சொல்லிடறேன்."

அண்ணன் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரென்று தெரியவில்லை. அவர் என்னையே பார்த்தார்.

"இல்லீங்க. வெறும் வேப்பங்கொட்டைதான்" என்றேன்.

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

அண்ணன் என் தோளில் லேசாகத் தட்டினார். "நல்லா சொன்னம்மா. குடிச்சிருப்பா. இதுங்க வீட்ல நடக்காததா?" என்றபடி தன் அறைக்குப் போனார்.

டிபன் பாக்ஸைத் திறந்தேன். எலுமிச்சை சாதம். ஒரு வாய்கூட இறங்கவில்லை. அந்த அக்கா குடிக்கவில்லை என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் பேச முடியாமல் கிடக்கிறார். இன்னொருத்தி நான், இங்கே சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறேன். பாக்ஸை மூடினேன். ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பகல் ஒரு மணி வெயில் கண்ணைக் குத்தியது. யாரும் தடுக்கவில்லை. சாப்பிடப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அவசர சிகிச்சை வார்டில் அந்த அக்காவின் இரண்டு கைகளையும் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். விஷத்தை முறிக்கக் கொடுக்கும் ஊசியில் மூளை குழம்பி ஊசிக் குழாயைப் பிடுங்கிவிடுவார்கள், அதனால் கட்டுவார்களாம். அவர் கண்ணைத் திறந்தபடியே ஏதோ முனகினார். என்னைத் தெரியவில்லை. கணவர் தரையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு போலீஸ்காரர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். அவரிடம் போய், "அந்தப் பாட்டில்ல வேம்பு மட்டும் இல்லீங்க" என்றேன்.

"நீங்க யாரு?"

"அந்த மருந்து சரியா இருக்குன்னு கையெழுத்துப் போடறவ நான்தான்."

கேனில் படித்த பெயரைச் சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "கண்ணு மணி சுருங்கியிருந்தத பாத்தே சந்தேகப்பட்டோம். அதுக்குண்டான ட்ரீட்மென்ட்தான் போயிட்டிருக்கு. ஆனா பேஷன்ட் தோல்ல பட்டுதா, குடிச்சாங்களான்னு தெரியல. வீட்டுக்காரங்க எதையோ மறைக்கறாங்கன்னுதான் நெனச்சோம்" என்றார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, உடம்பை இன்னொரு தடவை சோப்புப் போட்டுத் துடைத்து, தலைமுடியையும் அலசச் சொன்னார்.

தரையில் இருந்தவர் எழுந்து வந்தார். "போன்ல பேசினது நீதானே?"

"ஆமாங்க."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நின்றிருப்பேன். அவர் போலீஸ்காரர் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா சார்? எம் பொண்டாட்டி குடிக்கல. எழுதுங்க சார், குடிக்கலன்னு எழுதுங்க" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்து அழுதுவிட்டார்.

போலீஸ்காரர் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுத ஆரம்பித்தார். நான் சொன்னதையெல்லாம் எழுதி முடித்துக் கையெழுத்து கேட்டார். போட்டேன்.

அந்த அக்கா ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனார்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாத்தனார் போனில், "எங்குடும்பத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டியே, நல்லா இருப்பியா நீ?" என்று கேட்டார். மாமியார் அன்றிலிருந்து என்னோடு நேராகப் பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட மகனைக் கூப்பிட்டுச் சொல்வார். அதிகாரிகள் குடோனுக்கு சீல் வைத்தார்கள். மாதிரி எடுத்துக்கொண்டு போனார்கள். பீரோவிலிருந்த லைசென்ஸ் பைலையும் எடுத்தார்கள். என் சான்றிதழ்கள் அதோடு போய்விட்டன. வழக்கு முடிந்தால்தான் கிடைக்கும் என்கிறார்கள். எப்போது முடியும் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

விசாரணைக்கு மூன்று தடவை என்னைக் கூப்பிட்டார்கள். முதல் இரண்டு தடவையும் தனியாகப் போனேன். மூன்றாம் தடவை கணவர் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, "ஏறு" என்று மட்டும் சொல்லி ஸ்கூட்டரை எடுத்தார். உள்ளே வரவில்லை. நான் வெளியே வந்தபோது அதே இடத்தில், வெயிலில், வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தார்.

இப்போது லாஸ்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கிறேன். அங்கே அசல் சான்றிதழ் கேட்பதில்லை. அண்ணன் வேறு பெயரில் வேறு ஏதோ வியாபாரம் தொடங்கியிருக்கிறார் என்று கேள்வி. பொங்கலுக்கு நாத்தனார் வரவில்லை. அன்றைக்கு முழுவதும் மாமியார் சாப்பிடாமல் படுத்திருந்தார். அதே வீடு, அதே மூன்று பேர். விட்டுப் போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

மாசி மாதம் ஒரு காலையில் அந்த அக்காவைப் பார்க்கப் போனேன். பல நாளாக நினைத்து, பல நாளாகத் தள்ளிப்போட்ட பயணம். அவர் வெண்டை பறித்துக்கொண்டிருந்தார். காம்பைக் கிள்ளும்போது விரல்கள் லேசாக நடுங்கின. என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்தார்.

"உடம்பு எப்படி இருக்குதுக்கா?"

"இருக்குது. குனிஞ்சா கிறுகிறுங்குது." கையிலிருந்த காயைக் கூடையில் போட்டார். "குடிச்சியா குடிச்சியான்னு எல்லாரும் கேட்டாங்க. எம் பொண்ணு ஊர்லேந்து வந்து, காதுகிட்ட குனிஞ்சு, எங்கிட்ட மட்டும் சொல்லும்மான்னு கேட்டா. அது இன்னும் இங்கியே நிக்குது." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "நீ வந்து சொன்னியாம். அவரு சொன்னாரு."

நான் தலையாட்டினேன்.

வரப்போரம் ஒரு பாட்டில் இருந்தது. சிவப்பு முக்கோணம் போட்ட, சாதாரண ரசாயன மருந்து. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார். "இப்ப இதத்தான் வாங்கறேன். இதுல விஷம்னு எழுதியிருக்குது. எழுதியிருந்தா நான் மூக்கக் கட்டிக்குவேன்ல? தள்ளி நிப்பேன்ல? எனக்கு இன்னா பாப்பா, வேம்போ விஷமோ, உள்ள இருக்கறத வெளிய எழுதுனா போதும்."

நல்ல கொட்டை கிடைத்தால் நாமே இடித்து ஊறவைத்து எடுத்துக்கொள்ளலாம், நான் வந்து செய்து காட்டுகிறேன் என்று சொல்லத்தான் போயிருந்தேன். வாய் வரவில்லை.

"ஒண்ணு கேக்கணும்" என்றார். "மூக்கக் கட்டிக்கோன்னு ஒருக்கா சொன்னியே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"எத்தினி நாளா?"

"நீங்க விழறதுக்கு ஏழு மாசம் முன்னாடிலேந்தே."

அவர் திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடையை எடுத்து இடுப்பில் வைத்தார். "வெயில் ஏறுது. கெளம்பு" என்றார். அடுத்த வரிசைக்குப் போய்க் காயைப் பறிக்கத் தொடங்கினார்.

நான் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். மூன்று விசாரணையிலும், எத்தனையோ தாள்களிலும், எத்தனை நாளாகத் தெரியும் என்ற இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை.